அமிலமும் காரமும்: புள்ளியைக் கோட்டைவிடும் இடங்கள்

திருகோணமலையில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளின் இரசாயன விடைத்தாள்களைப் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. சமன்பாட்டைச் சரியாக எழுதுகிறவர்கள்கூட ஒரு சொல்லில் புள்ளியைக் கோட்டைவிடுகிறார்கள்.

முதல் சொல் 'காரம்'. இரவில் தமிழ்நாட்டு யூடியூப் வகுப்பு, பகலில் நம் பாடநூல் என்று படித்தால் குழப்பம் வராமல் இருக்குமா? அமிலத்தை நடுநிலையாக்கும் பொருளை இலங்கையில் நாங்கள் 'மூலம்' என்போம், அவர்கள் காரம் என்பார்கள். நாங்கள் காரம் என்பது அவர்களுக்கு எரிகாரம். நம் பரீட்சையில் நீரில் கரையும் மூலம்தான் காரம். செப்பு ஒட்சைட்டு அமிலத்தை நடுநிலையாக்கும், ஆனால் நீரில் கரையாது. எனவே அது மூலம், காரமல்ல. அவர்களுடைய லிட்மஸ் நம்முடைய பாசிச்சாயம்தான், அதில் சிக்கல் இல்லை.

இதைவிடப் பெரிய வில்லங்கம் 'வன்', 'செறிந்த' என்ற இரண்டையும் ஒன்றாக நினைப்பது. செறிவு என்பது குறித்த கனவளவு கரைசலில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்பது. வன்மை என்பது அதில் எவ்வளவு பங்கு அயனாகிறது என்பது. ஐதரோகுளோரிக் அமிலத்தை எவ்வளவு ஐதாக்கினாலும் அது வன்னமிலம்தான். வினாகிரியில் உள்ள அசற்றிக் அமிலம் எவ்வளவு செறிந்திருந்தாலும் மென்னமிலம்தான். இதை வைத்துத்தான் கேள்வியில் பொறி வைப்பார்கள்: ஒரே செறிவு, ஒரே கனவளவுள்ள இந்த இரண்டில் எதை நடுநிலையாக்க அதிக சோடியம் ஐதரொட்சைட்டு வேண்டும்? பலர் ஐதரோகுளோரிக் என்று எழுதுகிறார்கள். விடை, இரண்டுக்கும் ஒரே அளவு. காரம் சேரச்சேர மென்னமிலத்தின் மிச்ச மூலக்கூறுகளும் அயனாகிக்கொண்டே இருக்கும்.

பீஎச் அளவிலும் ஒரு பொறி உண்டு. கரைசலின் அமில, மூல இயல்பைக் காட்டும் இந்த அளவில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. அதனால் பீஎச் 3, பீஎச் 5 இரண்டுக்கும் இடையில் ஐதரசன் அயன் செறிவு இரண்டு மடங்கல்ல, 100 மடங்கு வித்தியாசம்.

அப்புறம், நிறம் மாறாததைப் பார்த்து அவசரப்படுவது. ஆலாத்தித் தட்டு எல்லோரும் பார்த்ததுதான்: மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கும், அதில் தேசிக்காய் பிழிந்தால் திரும்பவும் மஞ்சளாகும். ஒருநாள் வீட்டில் செய்து பாருங்கள், பத்துத் தடவை பாடமாக்குவதைவிட நல்லது. ஆனால் மஞ்சள் நிறம் மாறவில்லை என்பதால் அது அமிலம் என்று எழுதக்கூடாது. வெறும் தண்ணீரிலும் அது மஞ்சள்தான். நீலப் பாசிச்சாயத்தாளும் அப்படியே. நீலமாகவே இருந்தால் கரைசல் மூலமாகவும் இருக்கலாம், நடுநிலையாகவும் இருக்கலாம். சிவப்புத் தாளையும் தோய்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

உப்பு என்றாலே நடுநிலை என்பதும் பிழை. சோடியம் குளோரைட்டுக் கரைசல் நடுநிலை, சோடியம் காபனேற்று மூல இயல்புள்ளது, அமோனியம் குளோரைட்டு அமில இயல்புள்ளது. நம் டச்பே கடற்கரையில் காலை நனைக்கும் கடல்நீர்கூட நடுநிலையல்ல. கடல்நீரின் பீஎச் ஏறக்குறைய 8.