கொலுசுப் பட்டறையில் கள ஆய்வு செய்வது எப்படி?

சேலத்தில் வெள்ளிக் கொலுசுத் தொழிலாளர்களைப் பற்றி ஆய்வு செய்யப் போகிறீர்களா? முதல் நாளே கேள்வித்தாளை நீட்டாதீர்கள். டீ நேரத்தில் போய் உட்காருங்கள், யார் கொலுசுத் துண்டுகளைப் பற்றவைத்து இணைக்கிறார், யார் மெருகு போடுகிறார், கூலி யார் கைக்குப் போகிறது என்று கவனித்து அன்றிரவே எழுதிவிடுங்கள், மறுநாள் பாதி மறந்துபோகும்.

அப்புறம் பேட்டி. “கூலி போதுமா?” என்றால் “போதும்”தான் வரும், முதலாளி பக்கத்தில் இருந்தால் சொல்லவே வேண்டாம். “போன வாரக் கூலியில என்னென்ன செலவாச்சுங்கண்ணா?” என்று கேட்டுப் பாருங்கள், வாங்கின முன்பணம் வரைக்கும் பேச்சு தானாகப் போகும். ஒலிப்பதிவுக்கு அனுமதி கேளுங்கள், எழுதும்போது பெயரை மாற்றுங்கள்.

குழு விவாதம் சீக்கிரம் முடியும், ஆனால் அங்கே வாயுள்ளவர் பேச்சுதான் எடுபடும்.

பத்துப் பேரிடம் ஆழமாகப் பேசினால் ‘ஏன்’ என்பது விளங்கும்; சேலம் முழுக்க எத்தனை பேருக்கு இப்படி என்று சொல்ல சர்வே வேண்டும்.