காக்பிட் பேனல் கட்டும்போது எங்கே கோட்டை விடுகிறோம்?

ஃப்ளைட் சிமுலேட்டருக்குச் சொந்தமாக ஸ்விட்ச் பேனல் செய்கிறவர்கள் பெயின்ட், எழுத்து, பின்விளக்கு என்று முகப்பைத்தான் இழைத்து இழைத்துச் செய்வார்கள். பேனல் காலை வாருவது பெரும்பாலும் பின்பக்கத்தில்.

பெரிய தவறு, டாகிள் ஸ்விட்சை (மேலோ கீழோ தள்ளிய இடத்திலேயே நிற்கும் ஸ்விட்ச்) பட்டன் என்று நினைத்துக்கொள்வது. கீபோர்டில் ஒரு விசையைத் தட்டினால் லேண்டிங் லைட் எரியும். மறுபடி தட்டினால் அணையும். அதே கட்டளையை டாகிளுக்குக் கொடுத்துப் பாருங்கள். சிமுலேட்டர் உங்களை ஓடுபாதையில், எஞ்சின் ஓட, விளக்குகள் எரிய உட்கார வைக்கிறது. பேனலில் எல்லா ஸ்விட்சும் கீழே கிடக்கின்றன. லைட்டைப் போடலாம் என்று மேலே தள்ளினால் அது அணைகிறது. அதன்பின் தரையிறங்கும்வரை எல்லாம் தலைகீழ்தான். ஆகவே 'ஆன்' தனிக் கட்டளை, 'ஆஃப்' தனிக் கட்டளை என்று கொடுங்கள். பேனலைச் சிமுலேட்டரோடு இணைக்கும் மென்பொருளான மோபிஃப்ளைட்டில் ஸ்விட்ச் மூடும்போது ஒன்று, திறக்கும்போது ஒன்று என இரண்டையும் அமைக்கலாம். முக்கியமான விளக்குகள் இரண்டு கட்டளைகளோடும் சிமுலேட்டரிலேயே இருக்கின்றன. தேடிப் பார்க்கத்தான் சோம்பல்.

அடுத்தது மேட்ரிக்ஸ். ஸ்விட்சுகளைப் படிக்கும் மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் பின்கள் (இணைப்பு முனைகள்) போதவில்லை என்று ஸ்விட்சுகளை வரிசை, நெடுவரிசையாகக் கோர்ப்போம்: 4 + 4 பின்னில் 16 ஸ்விட்ச். மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு வைக்காமல் விடுவதுதான் வினை. முதல் வரிசையில் பேட்டரி, பீக்கன். இரண்டாவதில் நேவ் லைட், பிட்டோ ஹீட் (காற்றுவேகம் அளக்கும் குழாயின் ஹீட்டர்) என்று வையுங்கள். முதல் மூன்றையும் போட்டதும் மின்சாரம் அந்த மூன்று வழியாகவே சுற்றி வந்து, தொடாத பிட்டோ ஹீட்டையும் 'ஆன்' என்று காட்டிவிடும். பட்டன்களில் இது அபூர்வம், மூன்றை யாரும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டிருப்பதில்லை. டாகிள் அப்படியா? போட்டது போட்டபடியே நிற்கும். ஸ்விட்சுக்கு ஒரு 1என்4148 டயோடு, எல்லாவற்றின் கறுப்புக் கோடும் ஒரே பக்கம் பார்த்தபடி. ஒன்று திரும்பிவிட்டாலும் அந்த ஸ்விட்ச் மட்டும் பேசாது.

போர்டு வாங்கும்போது அவசரம் வேண்டாம். பேனல் கணினிக்கு நேரடியாக ஜாய்ஸ்டிக்காகத் தெரிய வேண்டுமென்றால், ஆர்டுயினோ வகைப் போர்டுகளில் லியோனார்டோ, புரோ மைக்ரோ போல முக்கியச் சிப்பிலேயே யுஎஸ்பி உள்ள ஒன்று வேண்டும். ஊனோ ஆர்3-இன் முக்கியச் சிப்பில் அது கிடையாது. மோபிஃப்ளைட் வழி போகிறவர்களுக்கு மெகா 2560 வசதி.

ஸ்விட்சைத் தொடாமலேயே கட்டளை பறக்கிறதா? ஸ்விட்ச் திறந்திருக்கும்போது பின்னை ஒரே நிலையில் பிடித்து வைக்க, சிப்புக்குள்ளேயே இருக்கும் புல்-அப் ரெசிஸ்டரைப் புரோகிராமில் இயக்காமல் பின்னை அந்தரத்தில் விட்டிருப்பீர்கள். ஒரு தட்டுக்கு இரண்டு பதிவு வந்தால் அது தொடுமுனைகளின் துள்ளல். 10 மில்லிசெகண்ட் அளவு பொறுத்துப் படித்தால் போதும். எல்இடியை ரெசிஸ்டர் இல்லாமல் பின்னில் நேராக மாட்டுவதும் தவறு. ஊனோ ஆர்3, மெகா போர்டுகளில் ஒரு பின்னுக்கு 20 மில்லியாம்பியருக்குள் நிறுத்துங்கள்.

ஒயர் விஷயத்தில் ஒரே சொல்: ஒற்றைக் கம்பி வேண்டாம், பல இழை ஒயர். பேனலைத் திறந்து மூடும்போதெல்லாம் சாலிடர் அருகே வளைந்து முறிவது ஒற்றைக் கம்பிதான்.

இனி துளை. மினி டாகிளுக்கு 6 மி.மீ.க்குச் சற்று மேல், பெரிய டாகிளுக்கு 12 மி.மீ. துளைகளை நெருக்கிப் போட்டால் முகப்பில் அழகாக இருக்கும். பின்னால் ஸ்விட்சின் உடம்புகள் ஒன்றோடொன்று இடிக்கும். பலகை தடித்தாலும் தொல்லை: 6 மி.மீ. பிளைவுட்டில் மினி டாகிளின் மரை வெளியே போதுமான அளவு நீளாமல் போகலாம், நட்டு சரியாகப் பிடிக்காது. முகப்புக்கு 2 அல்லது 3 மி.மீ. தகடு போதும். துளைகளைக் குறித்த வார்ப்புருவை (டெம்ப்ளேட்) பிரின்ட் எடுக்கும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தேர்வை எடுத்துவிட்டு 100 சதவீதத்தில் அச்சிடுங்கள். அந்தத் தாளை அட்டையில் ஒட்டி, ஸ்விட்சுகளைக் குத்தி, நாற்காலியில் உட்கார்ந்து கை எட்டுகிறதா, பக்கத்து ஸ்விட்சில் விரல் படுகிறதா என்று பார்த்துவிட்டு டிரில்லை எடுங்கள்.