கவுன்சிலரிடம் சொன்னால் போதுமா? நகராட்சி, பேரூராட்சி விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டால் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். கவுன்சிலருக்கு போன் போடுகிறோம், அவர் "பார்க்கிறேன்" என்கிறார், இரண்டு வாரம் போனதும் வாட்ஸ்அப் குரூப்பில் திட்ட ஆரம்பிக்கிறோம். கோபம் நியாயமானதுதான், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் நகர்மன்றம் எப்படி ஓடுகிறது, எந்த வேலை யாருடைய கையெழுத்தில் நகர்கிறது என்பது தெரியாததால் அந்தக் கோபம் தப்பான ஆளிடம், பெரும்பாலும் காலம் கடந்த பிறகு, போய்ச் சேர்கிறது. தமிழ்நாட்டு நகராட்சிகளையும் பேரூராட்சிகளையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். மாநகராட்சியில் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில், நம் ஊர் எந்த வகை என்றே தெரியாமல் இருப்பது. "எங்கள் ஊரில் கிராம சபையே கூட்டுவதில்லை" என்று பேரூராட்சியில் வரி கட்டுகிறவர்கள் வருத்தப்படுவதைக் கேட்கலாம். கிராம சபை கிராம ஊராட்சிக்கு மட்டும் உரியது. பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி மூன்றும் நகர்ப்புற உள்ளாட்சிகள், அவற்றில் கிராம சபை கிடையாது. அதே காரணத்தால்தான் நூறு நாள் வேலை என்று நாம் சொல்லிப் பழகிய ஊரக வேலைத் திட்டமும் அங்கே இல்லை. ஓர் ஊராட்சியைப் பக்கத்து நகராட்சியோடு இணைக்கப்போகிறார்கள் என்றதும் அங்குள்ள மக்கள் போராட்டத்துக்கு இறங்குவதில் இந்தப் பயத்துக்குப் பெரிய பங்கு உண்டு, வரி ஏறும் என்ற பயம் அதற்கு அடுத்தது. நகரத்துக்கு என்று இருப்பது வார்டு குழுவும், வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து அங்குள்ள மக்கள் கூடிப் பேசும் பகுதி சபையும். அதற்கான விதிகள் 2022-இல் வந்தன, அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. உங்கள் வார்டில் அது கடைசியாக எப்போது கூடியது என்று அலுவலகத்தில் கேளுங்கள். கூடவே இல்லை என்றால் அதையே முதல் மனுவாகக் கொடுக்கலாம்.

அடுத்தது, சேர்மன் நினைத்தால் எல்லாம் நடக்கும் என்ற நம்பிக்கை. நகராட்சித் தலைவரையும் பேரூராட்சித் தலைவரையும் நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. 2022 பிப்ரவரி 19 அன்று நாம் ஓட்டுப் போட்டது வார்டு உறுப்பினருக்கு. அவர்கள் கூடி மார்ச் 4 அன்று தலைவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே தலைவர் பதவி மன்றத்தின் பெரும்பான்மையை நம்பி நிற்கிறது. இன்னொரு பக்கம், ஆட்களை வேலைக்கு அனுப்புவது, நோட்டீஸ் கொடுப்பது, கோப்பை நகர்த்துவது என்று நிர்வாகம் முழுவதும் நகராட்சியில் ஆணையரிடமும் பேரூராட்சியில் செயல் அலுவலரிடமும் இருக்கிறது. என்ன செய்வது, எதற்குப் பணம் ஒதுக்குவது என்று மன்றம் முடிவெடுக்கும், அதை நிறைவேற்றுவது அலுவலர்களின் பொறுப்பு. அடைப்பு எடுப்பது, குப்பை அள்ளுவது, எரியாத தெருவிளக்கை மாற்றுவது எல்லாம் அன்றாட வேலை, இதற்குத் தீர்மானமே தேவையில்லை, சுகாதார ஆய்வாளரிடமோ பொறியியல் பிரிவிடமோ எழுதிக் கொடுத்துவிட்டு கவுன்சிலருக்குத் தகவல் சொன்னால் போதும். புதுச் சாக்கடை கட்ட வேண்டும், மண் தெருவுக்கு சிமென்ட் சாலை வேண்டும் என்றால் அது மன்றத்துக்கு வந்தாக வேண்டும், அங்கேதான் கவுன்சிலரின் உண்மையான வேலை தொடங்குகிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான், அலுவலகம் செய்ய வேண்டியதற்கு கவுன்சிலர் பின்னால் அலைகிறோம், கவுன்சிலர் கூட்டத்தில் எழுப்ப வேண்டியதை அவரிடம் கேட்காமலே விட்டுவிடுகிறோம்.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. ஆனால் கவுன்சிலர் பெண்ணாக இருந்தால் அவருடைய கணவருக்கு போன் செய்வது, மனுவைக் கணவரிடம் நீட்டுவது, திறப்பு விழாவுக்குக் கணவரை மேடையேற்றுவது என்று நாமே அந்தப் பதவியைக் கைமாற்றிக் கொடுக்கிறோம். மன்றத்தில் உட்காரவும் கை தூக்கவும் உரிமை உள்ளவர் அந்தப் பெண் கவுன்சிலர் ஒருவர்தான். அவர் எண்ணை வாங்குங்கள், அவரிடம் பேசுங்கள், மனுவில் அவர் பெயரை எழுதுங்கள்.

இப்போது எல்லோரும் ஏமாறும் இடத்துக்கு வருகிறேன். "நம்ம தெருவுக்கு ரோடு பாஸ் ஆயிடுச்சு!" கூட்டம் முடிந்த அன்று மாலையே செய்தி பரவிவிடும். பாஸ் ஆனது தீர்மானம் மட்டும்தான். அதற்கு முன்னும் பின்னுமாக ஒரு வரிசை இருக்கிறது. பொறியாளர் அளந்து மதிப்பீடு போட வேண்டும், நம் பேச்சில் எஸ்டிமேட். எந்த நிதியிலிருந்து செய்வது என்று முடிவாக வேண்டும். பொது நிதியா, மாநில நிதிக்குழு மானியமா, மத்திய நிதிக்குழு மானியமா, கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டமா, இல்லை மக்களும் ஒரு பங்கு பணம் போடும் நமக்கு நாமே திட்டமா என்பதைப் பொறுத்து கோப்பு போகும் வழியும் ஆகும் காலமும் மாறும். அப்புறம் நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, அதன் பிறகு டெண்டர். டெண்டர் என்பது 1998-இன் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி நடக்க வேண்டியது, நினைத்தவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட முடியாது. வந்த விலையை ஏற்பதா என்பது பெரும்பாலும் மறுபடி மன்றத்துக்கு வரும். அதற்கும் பிறகுதான் பணி ஆணை. வேலை நடக்கும்போது பொறியாளர் அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதுவார், அலுவலகத்தில் எம்புக் என்பார்கள், அதை வைத்துத்தான் ஒப்பந்தக்காரருக்குப் பில் போகும்.

இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "ரோடு என்னாச்சு?" என்று கேட்டால் "போய்க்கிட்டிருக்கு" என்ற பதில்தான் வரும், அதில் எதையும் பிடித்துக்கொள்ள முடியாது. "எஸ்டிமேட் முடிந்துவிட்டதா, டெண்டர் எந்தத் தேதி, பணி ஆணை யாருக்கு, எத்தனை நாளில் முடிக்க வேண்டும்?" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் கோப்பை எடுத்துப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். புதுச் சாலை சீக்கிரமே பெயர்ந்துவிட்டதா? ஒப்பந்தக்காரர் எவ்வளவு காலம் வரை தன் செலவில் சரிசெய்து தர வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கும், அதைக் கேட்காமல் புதிதாக ஒரு சாலை கேட்டு மனு கொடுப்பது நம் வரிப்பணத்தையே இரண்டாவது முறை செலவழிக்கச் சொல்வதாகிவிடும். சாக்கடையின் வாட்டம் சரியில்லை, தண்ணீர் எதிர்ப்பக்கம் ஓடுகிறது என்பதையெல்லாம் கான்கிரீட் போடும் அன்றே எழுத்தில் சொல்ல வேண்டும். பில் போன பிறகு சொன்னால் கேட்க ஆளில்லை.

இதே காரணத்தால், பட்ஜெட் சமயத்தைத் தவற விடுவதும் பெரிய தவறுதான். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அடுத்த ஆண்டு எதெதற்குப் பணம் என்பது அதற்கு முந்தைய மாதங்களிலேயே கணக்காகிவிடும். வருடம் முழுக்கப் பொறுத்துவிட்டு மே மாதம் புதுக் கால்வாய் கேட்டால் "இந்த வருஷம் நிதி இல்லை" என்பார்கள், அது பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கார்த்திகை, மார்கழியிலேயே தெருக்காரர்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும்.

துறை மாறிப் போவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெருவிளக்கு உள்ளாட்சியுடையது, மின்தடையும் மின்கம்பியும் மின்வாரியத்துடையது. ஊர் நடுவே போகும் பெரிய சாலை பல இடங்களில் நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருக்கும், அதன் குழிக்கு நகராட்சியைத் திட்டிப் பயனில்லை. பட்டா, நில அளவை எல்லாம் வருவாய்த் துறை, தாலுகா அலுவலகம். கூட்டுக் குடிநீர்த் திட்டமாக இருந்தால் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவந்து சேர்ப்பது குடிநீர் வடிகால் வாரியம், தொட்டியிலிருந்து வீட்டுக் குழாய்க்கு விடுவது உள்ளாட்சி. நாலு நாளாகத் தண்ணீர் வரவில்லை என்றால் தொட்டிக்கே வரவில்லையா, தெருவுக்கு மட்டும் வரவில்லையா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வாயால் சொல்லிவிட்டு வருவது இன்னொரு தவறு. வாயால் சொன்ன புகாருக்கு அலுவலகத்தில் எந்தச் சுவடும் இருக்காது. அந்த அலுவலர் மாறுதலில் போய்விட்டால் நீங்கள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒரு வெள்ளைத் தாள் போதும். ஒரு மனுவில் ஒரு பிரச்சினை மட்டும் எழுதுங்கள், ஏனென்றால் சாக்கடை, நாய்த் தொல்லை, வரி மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் அது எந்தப் பிரிவுக்குப் போவது என்று தெரியாமலே கிடக்கும். தெருப் பெயர், வார்டு எண், எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை என்பது, தேதி, ஒரு படம். நகலில் முத்திரையோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். 1100 என்ற முதல்வர் உதவி எண்ணில் சொன்னால் புகார் எண் கிடைக்கும், அதைக் குறித்து வையுங்கள். சிலர் எடுத்த எடுப்பிலேயே திங்கள்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் போய் மனு கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். அந்த மனு சுற்றிக்கொண்டு அதே நகராட்சி அலுவலகத்துக்குத்தான் வரும். உள்ளூரில் கொடுத்த மனுவின் நகலும் தேதியும் கையில் இருந்தால் கலெக்டரிடம் போவதற்கு ஒரு அர்த்தம் இருக்கிறது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுக்கிறவர்களும் ஓர் இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். "எங்கள் தெருவுக்கு ஏன் சாலை போடவில்லை?" என்று கேட்பார்கள். "ஏன்" என்பதற்கு விளக்கம் எழுதிக் கொடுக்கும் கடமை அவர்களுக்கு இல்லை, பதிவேட்டில் இருப்பதைத்தான் தர வேண்டும், அதனால் கேள்வியை ஆவணமாக மாற்றிக் கேட்க வேண்டும். "இந்தத் தெருச் சாலைப் பணி குறித்த மன்றத் தீர்மானத்தின் நகல், மதிப்பீட்டின் நகல், பணி ஆணை நகல், அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள்" என்று கேளுங்கள். பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலும், அரைகுறையாக வந்தாலும், அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். இங்கேதான் நிறையப் பேர் சோர்ந்து விட்டுவிடுகிறார்கள். சில அலுவலகங்கள் அந்தச் சோர்வை நம்பித்தான் பதிலைத் தள்ளிப்போடுகின்றன என்றே நான் நினைக்கிறேன்.

சிறு காலக்கெடுக்களையும் தவற விடாதீர்கள். பிறப்பு, இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. தாண்டினால் தாமதக் கட்டணம், ஒரு வருடம் தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் உத்தரவு வரை அலைய வேண்டியிருக்கும். சொத்து வரியை ஒவ்வொரு அரையாண்டின் முதல் 30 நாளுக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு.

கடைசியாக உள்ளூர்ச் செய்தி. நகர்மன்றக் கூட்டம் என்றாலே பத்திரிகையில் வருவது வெளிநடப்பும் வாக்குவாதமும்தான். மைக்கைப் பிடுங்கியது செய்தியாகும், அதே கூட்டத்தில் அஜெண்டாவில் இருந்த ஐம்பது அறுபது பொருள்கள் ஒரே மூச்சில் ஆல்பாஸ் ஆனது ஒரு வரியோடு முடிந்துவிடும். நமக்கு வேண்டியது அந்த ஐம்பது அறுபதில் இருக்கிறது. முக்கியமாக "பின்னேற்பு" என்று இருக்கும் பொருள்களைப் பாருங்கள். அவசரம் என்று ஏற்கெனவே செலவு செய்துவிட்டு, பிறகு மன்றத்தின் ஒப்புதலுக்கு வைப்பவை அவை. குழாய் உடைப்பு, வெள்ளம் போன்றவற்றுக்கு அது தேவைதான். ஆனால் ஒவ்வொரு கூட்டத்திலும் பட்டியல் முழுக்கப் பின்னேற்பாகவே இருந்தால் கவுன்சிலரிடம் கேள்வி கேட்க வேண்டும்.

பார்வர்டு செய்திகளுக்கும் இதே கவனம் வேண்டும். 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்ந்தபோது 150 சதவீதம் என்ற எண்தான் ஊரெல்லாம் சுற்றியது. அந்த 150 என்பது சென்னை மாநகராட்சியின் பழைய பகுதிகளில் 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு. நகராட்சி, பேரூராட்சிகளில் 600 சதுர அடி வரையிலான வீட்டுக்கு 25 சதவீதம்தான். சுமை இல்லை என்று சொல்லவில்லை, 25 சதவீதமும் ஒரு சிறு குடும்பத்துக்குச் சுமைதான். ஆனால் தன் வீட்டுக்கு எவ்வளவு என்று தெரியாமல் பயந்தவர்களும், அரசாணையாக வந்த உயர்வுக்குத் தன் வார்டு உறுப்பினரின் வீட்டு வாசலில் போய்ச் சண்டை போட்டவர்களும் இருக்கிறார்கள்.

தெரு குரூப்பில் நகராட்சி பற்றிய செய்தி போடும்போது நாலு விஷயத்தைச் சேர்த்துப் போடுங்கள்: கூட்டம் நடந்த தேதி, வார்டு எண், தீர்மான எண், வேலை இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது. 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை நம் நகரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை, எல்லாம் தனி அலுவலர்கள் கையில்தான் இருந்தது. அப்போது எழுந்து கேட்க வார்டுக்கு ஒருவர்கூட இல்லை. இப்போது ஒருவர் இருக்கிறார் என்றால், அடுத்த கூட்டத்துக்கு முன்னால் உங்கள் மனுவின் நகலை அவர் கையில் கொடுத்து, இதை அஜெண்டாவில் வைக்கச் சொல்லுங்கள் என்று கேளுங்கள்.