அடாப்டிவ் தேர்வு வடிவமைப்புகளை ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

சரியாகப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி கடினமாகும், தவறினால் எளிதாகும். அடாப்டிவ் தேர்வு என்றால் இவ்வளவுதான் என்று பலர் நினைக்கிறார்கள். கேள்வியை எந்த விதிப்படி எடுப்பது, எங்கே நிறுத்துவது என்று இரண்டு வடிவமைப்புகளை எதிரெதிரே வைக்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

முதல் தவறு, திட்டப் பிழையை, அதாவது அளந்த திறன் உண்மையான திறனிலிருந்து எவ்வளவு விலகலாம் என்ற கணக்கை, மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது. ஒவ்வொரு முறையும் அதிகத் தகவல் தரும், அதாவது எழுதுபவரின் திறனைத் துல்லியமாகக் காட்ட அதிகம் உதவும், கேள்வியையே எடுக்கும் விதி இந்தப் பந்தயத்தில் பெரும்பாலும் ஜெயிக்கும். ஆனால் வினா வங்கியில் (தேர்வுக்கென்று சேர்த்து வைத்த கேள்விகளில்) பெரும் பகுதி தூங்கலாம், சில கேள்விகள் மட்டும் எல்லோர் திரையிலும் வந்து நிற்கும். 1994-ல் அமெரிக்க மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ கணினித் தேர்வில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஒரு பயிற்சி நிறுவனம் தன் ஆட்களைத் தேர்வெழுத அனுப்பி, அவர்கள் மனப்பாடம் செய்து வந்த கேள்விகளைத் தேர்வை நடத்தும் ஈடிஎஸ்ஸிடமே காட்டியது. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. ஆகவே ஒவ்வொரு கேள்வியும் எத்தனை சதவீதம் பேருக்குப் போகிறது என்ற கணக்கும் அதே அட்டவணையில் இருக்கட்டும். சிறந்த ஐந்தில் ஒன்றைக் குலுக்கி எடுத்தாலே பாரம் ஓரளவு பரவும்.

அடுத்தது, எல்லோரும் பாதிக் கேள்வியில் தோற்றே ஆக வேண்டும் என்ற நம்பிக்கை. திறனையும் கேள்வியின் கடினத்தையும் வைத்துச் சரியான பதிலின் வாய்ப்பைக் கணக்கிடும் ராஷ் மாதிரியில் ஒரு கேள்வி தரும் தகவல், சரியாகச் சொல்லும் வாய்ப்பையும் தவறும் வாய்ப்பையும் பெருக்கினால் வரும். 50 சதவீத வாய்ப்புள்ள 20 கேள்விகள் கொடுத்தால் தகவல் 5, திட்டப் பிழை (1-ஐத் தகவலின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது) சுமார் 0.45. அதையே 70 சதவீதத்துக்கு எளிதாக்கினால் தகவல் 4.2, பிழை சுமார் 0.49. இழந்ததை மீட்க 4 கேள்வி கூடுதலாகக் கேட்டால் போதும். பத்து வயதுப் பிள்ளை ஒன்றுவிட்டு ஒன்று தப்பாகப் போட்டுவிட்டு எழுந்து போவதைவிட, அந்த 4 கேள்வி எனக்குப் பெரிய விலையாகத் தெரியவில்லை.

சராசரியும் ஏமாற்றும். வங்கியில் நடுத்தரக் கேள்விகளே குவிந்திருந்தால், மிகவும் பின்தங்கியவர்களுக்கும் மிகவும் கெட்டிக்காரர்களுக்கும் பிழை எகிறும். மொத்தச் சராசரியில் அது தெரியவே தெரியாது. திறன் அளவுவாரியாகப் பிரித்துப் பாருங்கள். தேர்வு எதற்கு என்பதையும் மறக்கக் கூடாது. அமெரிக்கச் செவிலியர் உரிமத் தேர்வான என்கிளெக்ஸ் தேர்ச்சியா இல்லையா என்று மட்டுமே சொல்கிறது. 95 சதவீத நம்பிக்கை கிடைத்ததும் நின்றுவிடும், எல்லைக் கோட்டருகே தடுமாறுபவருக்கு நீளும். அதைப் போய் எல்லோரையும் ஒரே துல்லியத்தில் அளக்கவில்லை என்று குறை சொல்வதில் அர்த்தமில்லை.

2011-ல் ஜிஆர்இ கேள்விக்குக் கேள்வி மாறுவதை விட்டுப் பகுதிவாரியாக மாறும் முறைக்கு வந்ததைப் பின்னடைவு என்பவர்கள் உண்டு. ஒரு பகுதிக்குள் முன்னும் பின்னும் போய்ப் பதிலைத் திருத்த முடிகிறதே, அதையும் தராசில் வைக்க வேண்டாமா?

கடைசியாக, பலர் கண்ணுக்கும் தப்புவது ஒன்று. சில நூறு பேரை வைத்து மதிப்பிட்ட வங்கியில், சில கேள்விகளின் பிரித்தறியும் திறன் (கெட்டிக்காரரையும் பின்தங்கியவரையும் வேறுபடுத்திக் காட்டும் அளவு) தற்செயலாகவே கூடுதலாகப் பதிவாகியிருக்கும். அதிகத் தகவலைத் தேடும் விதி தேடித் தேடி அவற்றையே எடுக்கும். அதே எண்களை உண்மை என்று வைத்துக்கொண்டு சிமுலேஷன் (கணினியில் கற்பனைத் தேர்வர்களை வைத்து நடத்தும் ஒத்திகை) ஓட்டினால் இந்தக் கோளாறு வெளியே வராது. பதில்களை உருவாக்கக் கேள்விகளின் எண்களில் ஒரு தொகுப்பு, மதிப்பெண் கணக்கிடக் கொஞ்சம் பிழை கலந்த இன்னொரு தொகுப்பு என்று பிரித்து ஓட்டினால், முதலிடத்தில் இருந்த வடிவமைப்பே கீழே இறங்கினாலும் இறங்கலாம்.