மண்ணில் இருக்கும் நுண்ணுயிரிகளும் உரமும்: எங்கே தவறு செய்கிறோம்?

ரசாயன உரம் போட்டால் நுண்ணுயிரி எல்லாம் செத்துவிடும், இயற்கை உரம் போட்டால் பெருகிவிடும். பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். முதல் தவறே இந்த எண்ணம்தான் என்பேன்.

உலகின் பல பகுதிகளில் நடந்த நீண்டகாலச் சோதனைகளைத் திரட்டி 2014-இல் ஓர் ஆய்வு வெளியானது. உரமே போடாத நிலத்தைவிட ரசாயன உரம் போட்ட நிலத்தில் நுண்ணுயிரிகளின் மொத்த அளவு சராசரியாக 15% கூடுதலாக இருந்தது. பயிர் செழித்தால் வேரும் தாளும் அதிகம். அவை மண்ணில் விழுந்து நுண்ணுயிரிகளுக்கு உணவாகின்றன. ஆனால் அதே ஆய்வில், மண்ணின் பிஎச் (அமில-கார அளவு; எண் குறைந்தால் அமிலம் அதிகம்) 5-க்குக் கீழே இறங்கிய இடங்களில் நுண்ணுயிரிகள் குறைந்திருந்தன. அங்கே சிக்கல் பெரும்பாலும் அமிலம்தான். அம்மோனியம் உள்ள உரத்தைப் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. அம்மோனியம் சல்பேட்டில் இது அதிகம், யூரியாவில் குறைவு. எனவே வருடக்கணக்கில் ஒரே உரத்தைப் போட்டுக்கொண்டு பிஎச் பார்க்காமல் இருப்பதுதான் உண்மையான ஆபத்து. அமிலம் ஏறியிருந்தால் பரிசோதனை சொல்லும் அளவுக்குச் சுண்ணாம்பு இட வேண்டும்.

சரி, அப்படியானால் மூட்டை உரமே போதுமா? போதாது. அதில் தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்துகள் உண்டு. நுண்ணுயிரிகள் தின்று வாழத் தேவையான கரிமம் (கார்பன்) கிட்டத்தட்ட இல்லை. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் நிலையத்தில் 1843 முதல் நடந்துவரும் பிராட்பாக் கோதுமைச் சோதனையில், ஆண்டுக்கு எக்டருக்கு 35 டன் தொழுவுரம் பெற்ற பாத்தியின் கரிமச்சத்து, ரசாயன உரம் மட்டும் பெற்ற பாத்தியைவிட இரண்டு மடங்குக்கும் மேல் உயர்ந்திருக்கிறது. நுண்ணுயிரிகளும் அங்கேதான் அதிகம். 35 டன் யாருக்குக் கிடைக்கும் என்பது வேறு கதை. கிடைக்கிற அளவு தொழுவுரம், பசுந்தாள், தாள்கழிவு எதையும் எரிக்காமல் மண்ணுக்குத் திருப்புவதுதான் நடைமுறையில் முடிகிற காரியம்.

அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நுண்ணுயிரிகளின் உடலில் தழைச்சத்து ஒரு பங்கு என்றால் கரிமம் சுமார் 8 பங்கு. மூச்சுவிட்டு இழப்பதையும் சேர்த்தால், உணவில் கரிமம் 24 பங்கு வரை இருக்கலாம். வைக்கோலில் அது 60, 80 என்று போகும். மரத்தூளில் நூற்றுக்கணக்கில் போகும். இவற்றைப் பச்சையாக மடக்கி உழுதுவிட்டு உடனே விதைத்தால், குறையும் தழைச்சத்தை நுண்ணுயிரிகள் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். பயிர் வெளிறிப்போகும். 'இயற்கை உரம் போட்டும் பயிர் மஞ்சளாகிவிட்டதே' என்ற புலம்பலுக்குப் பின்னால் பல நேரம் இதுதான் இருக்கிறது. மக்கவைத்துப் போடுங்கள்; இல்லையென்றால் விதைப்புக்குச் சில வாரம் முன்பே உழுதுவிட்டுக் கொஞ்சம் யூரியாவும் சேருங்கள். ஆம், இங்கே யூரியா நுண்ணுயிரிகளுக்கு உதவிதான்.

பச்சைச் சாணத்தில் பிரச்சினை வேறு: அம்மோனியா, களை விதை, நோய்க்கிருமி. நீர் தேங்கிய வயலில் மக்காத பொருளைக் கொட்டினால், காற்றில்லா இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் பெருகி மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் உண்டாக்கும். பின்னது வேரைக் கெடுக்கும்.

யூரியாவைக் குவியலாகப் போடுவதும் தவறு. அது கரையும் இடத்தில் அம்மோனியா செறிந்து, சுற்றியுள்ள நுண்ணுயிரிகள் தற்காலிகமாக அடங்கிவிடும். காற்றிலும் சத்து போகும். பிரித்துப் பிரித்து, ஈரம் பார்த்துப் போட்டால் இது நடக்காது.

அடுத்தது, வேலை செய்யக் காத்திருக்கும் நுண்ணுயிரிகளைச் சும்மா உட்கார வைப்பது. பயறு வகைகளுக்குத் தழைச்சத்தை அள்ளிக் கொடுத்தால் வேர்முடிச்சு சரியாக உருவாகாது, அந்த முடிச்சில் வாழ்ந்து காற்றின் தழைச்சத்தைப் பயிருக்குத் தரும் ரைசோபியம் பாக்டீரியாவுக்கு வேலையே இல்லை. தொடக்கத்தில் சிறிதளவு போதும். மணிச்சத்து மிகுந்த மண்ணில், வேரோடு சேர்ந்து வாழ்ந்து மணிச்சத்தை எடுத்துத் தரும் வேம் (VAM) பூஞ்சையோடு வேர் கூட்டுச் சேர்வதும் குறைந்துவிடும்.

உயிருள்ள நுண்ணுயிரிகளையே பாக்கெட்டில் தரும் உயிர் உரத்தில் நடக்கும் தவறு இன்னும் எளியது. அசோஸ்பைரில்லம் (தழைச்சத்துக்கு உதவுவது), பாஸ்போபாக்டீரியா (மணிச்சத்தைக் கரைத்துத் தருவது) பாக்கெட்டை ரசாயன உரத்தோடு ஒரே வாளியில் கலக்குகிறார்கள். பூஞ்சாணக்கொல்லி தடவிய விதையிலேயே மேலும் பூசுகிறார்கள். பாக்கெட்டை வெயிலில் போட்டு வைக்கிறார்கள். உள்ளே இருப்பது உயிர். மக்கிய தொழுவுரத்தில் கலந்து, ஈரமான மண்ணில், ரசாயன உரத்துக்குச் சில நாள் இடைவெளி விட்டு இடுங்கள்.

தொழுவுரத்தை மட்டுமே நம்புபவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. பயிருக்குத் தேவையான தழைச்சத்தைத் தொழுவுரத்திலிருந்தே ஈடுகட்டப் போனால், மணிச்சத்து பயிர் எடுப்பதைவிட அதிகமாகச் சேரும். பல ஆண்டுகள் கழித்து வேம் பூஞ்சை விஷயத்தில் அதே இடத்துக்கு வந்து நிற்போம். மண் பரிசோதனைச் சீட்டில் மணிச்சத்து 'மிகுதி' என்று வந்தால் சாணத்தின் அளவைக் குறைத்து, பயறு வகைகளை இடையில் கொண்டுவந்து தழைச்சத்தை ஈடுசெய்யலாம்.