உப்பில் நெல்லின் புரதங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உப்பில் நெல்லின் எந்தப் புரதங்கள் கூடுகின்றன, எவை குறைகின்றன என்று பார்க்கும் எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்கள் ஆண்டுதோறும் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். குழாயை மாற்றி வைப்பது, பெயர் எழுத மறப்பது எல்லாம் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

உப்பை ஒரேயடியாகக் கொட்டுவது

நல்ல நீரில் வளர்ந்த நாற்றுக்கு 150 மில்லிமோலார் உப்பை ஒரே நேரத்தில் கொடுத்து, மறுநாளே இலையைப் பறித்துவிடுகிறார்கள். இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். வேர்ச் செல்லிலிருந்து நீர் வெளியேறி, உள்ளிருப்பது சுவரை விட்டுச் சுருங்கிவிடும். இது அதிர்ச்சி. வயலில் நிலம் காயக் காயத்தான் உப்பு ஏறும்.

நெல்லுக்கு முதலில் வருவது நீர் நெருக்கடி. சில நிமிடங்களில் தொடங்கிவிடும். சோடியம் முதிர்ந்த இலைகளில் சேர்ந்து நஞ்சாவது அப்புறம்தான், அதற்கு நாள்கணக்கில் ஆகும். மறுநாள் பறித்த இலையில் பெரும்பாலும் முதல் கட்டம்தான் தெரியும்.

ஒரு மாணவி உப்பைத் தாங்கும் பொக்காளி நெல்லையும் தாங்காத ஐஆர் 29 ரகத்தையும் இப்படி ஒப்பிட்டுப் பட்டியல் கொண்டுவந்தார். வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள், அஸ்கார்பேட் பெராக்சிடேஸ், குளுட்டாதியோன் எஸ்-டிரான்ஸ்பெரேஸ்: வறட்சி, குளிர் என எதைக் கொடுத்தாலும் வரும் அதே கூட்டம். கேரளக் கரையோர உவர்நிலத்தில் விளையும் பொக்காளிக்கே உரியது எதுவும் அதில் இல்லை. மாதக்கணக்கான உழைப்பும் புரதங்களை அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவிக்கான செலவும் வீண்.

நாளுக்கு 25 முதல் 50 மில்லிமோலார் வரை படிப்படியாக ஏற்றுங்கள். கரைசலில் கால்சியத்தையும் கூட்டுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் அளப்பதில் கால்சியம் பற்றாக்குறையும் கலந்திருக்கும். பறிக்கும்போதெல்லாம் அந்த இலையின் சோடியம், பொட்டாசியம் அளவையும் எடுத்துவிடுங்கள். எந்தக் கட்டத்தில் நிற்கிறீர்கள் என்று அதுதான் சொல்லும்.

உப்பில்லாச் செடியை வேறு நேரத்தில் பறிப்பது

கூடாது.

இலைத்தகட்டோடு நிறுத்துவது

1990-இல் விவரிக்கப்பட்ட 'சால்ட்' புரதம் உப்பில் நெல்லின் தண்டைச் சுற்றியிருக்கும் இலையுறையிலும் வேரிலும் கூடியது, இலையின் விரிந்த பகுதியான இலைத்தகட்டில் கூடவில்லை. தகட்டை மட்டும் பறித்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது.

ரூபிஸ்கோவை மறப்பது

ஒளிச்சேர்க்கையில் கரியமில வாயுவைப் பிடிக்கும் நொதி அது. இலையில் கரையும் புரதத்தில் ஏறக்குறைய பாதி அதுதான், மற்றவற்றை மறைத்துவிடும். அதைக் குறைத்துவிட்டு மற்றவற்றைத் தேடுங்கள்.

சிக்காததை இல்லை என்று எழுதுவது

தண்டு வழியே மேலேறும் சாற்றிலிருந்து சோடியத்தை மீட்டு இலையைக் காப்பது எச்கேடி1;5. சவ்வில் பதிந்த, மிகக் குறைவாக உள்ள புரதம் அது. புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் வழக்கமான இருபரிமாண ஜெல்லில் சிக்காது. சவ்வுப் பகுதியைத் தனியாகப் பிரித்தெடுக்க வேண்டும். சோடியத்தைச் செல்லுக்கு வெளியே தள்ளும் எஸ்ஓஎஸ்1 புரதத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் மேல் பாஸ்பேட் ஒட்டினால் அதன் வேகம் கூடும், புரதத்தின் அளவு அப்படியே இருந்தாலும். அளவை மட்டும் பார்ப்பவர் 'மாற்றமில்லை' என்று எழுதிவிடுவார்.