குடியும் பழைய மனக்காயமும் சேர்ந்திருந்தால் தெரபிஸ்ட்டிடம் என்ன கேட்பது

எங்கள் பெரியப்பா மகனுக்கு சேலத்தில் கொலுசுப் பட்டறை வேலை. காலையில் ஒரு கட்டிங் உள்ளே போகாவிட்டால் கை நிற்காது, வளையத்தை ஒட்டவைக்கும் பற்றாசு பக்கத்து வளையத்தில் போய் உட்காரும். ஏற்காடு மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்து, கூட வந்த சிநேகிதன் கண்ணெதிரே செத்த பிறகுதான் அண்ணன் இப்படி ஆனார். எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் நாங்கள் குடியை மட்டும்தான் பேசினோம். முதலில் சேர்த்த குடிமீட்பு மையத்தில் மொட்டை அடித்து மூன்று மாதம் வைத்திருந்தார்கள். விபத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வெளியே வந்த ஒன்பதாம் நாள் மறுபடி டாஸ்மாக்.

அதனால் நீங்கள் அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் சிலதைக் கேட்டுவிடுங்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று. தினமும் குடிப்பவரை வீட்டில் பூட்டி வைத்து ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டிலிருந்து நாலு நாளுக்குள் ஆள் குழம்பி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம், உயிருக்கே ஆபத்து. இது மனநல மருத்துவர் வேலை, சேலத்தில் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனையில் பார்க்கலாம், எங்கே போவது என்றே புரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ எந்த நேரமும் கூப்பிடலாம். குழம்பில் குடியை நிறுத்தும் மாத்திரையைக் கலந்து கொடுக்கும் வேலை வேண்டவே வேண்டாம், அவருக்கே தெரியாமல் அதன்மேல் குடித்தால் நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கி ஆளையே சாய்த்துவிடும்.

சரி, தெரபிஸ்ட். அந்தப் பெயரில் யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம், அதனால் என்ன படித்தீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கும். ‘நானும் குடிச்சு மீண்டவன்தாங்க’ என்பவரை ஒதுக்காதீர்கள், அவர் பேச்சு உள்ளே இறங்குவதுபோல் நம் பேச்சு இறங்காது. ஆனால் பழைய காயத்தைக் கையாள அது மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும்.

அடுத்த கேள்விதான் முக்கியம்: குடி, காயம் இரண்டையும் எப்படிச் சேர்த்துப் பார்ப்பீர்கள்? ‘முதலில் ஆறு மாசம் குடிக்காம இருக்கட்டும், மத்ததை அப்புறம் பார்க்கலாம்’ என்றால் நான் எழுந்து வந்துவிடுவேன். முதல் நாளே ‘அன்னைக்கு நடந்ததை ஒண்ணுவிடாம சொல்லுங்க’ என்பதும் ஆகாது, அன்று ராத்திரியே ஆள் கடைக்குப் போய்விடுவார்.

இப்போது அண்ணனைப் பார்க்கும் தெரபிஸ்ட் அம்மா முதல் நாள் கேட்டது இவ்வளவுதான்:

“ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருதுங்க?”

“மூணு.”

“முழிச்சதும்?”

“டயர் சத்தம்.”

“அப்புறம்?”

அண்ணன் சிரித்துவிட்டார். “அப்புறம் குவார்ட்டர்தாங்க.”

அந்த அம்மா ஒரு தாளில் மூன்றையும் எழுதி நடுவில் கோடு போட்டார், அவ்வளவுதான் அன்றைக்கு. அடுத்த சில வாரம் விபத்துப் பேச்சே இல்லை. சத்தம் கேட்டால் காலைத் தரையில் ஊன்றி, கண்ணில் படும் ஐந்து பொருளைச் சொல்லும் பழக்கம், கூடவே சட்டைப் பையில் அரைகுறைக் கொலுசு ஒன்று, எடுத்து வளையங்களை எண்ணுவதற்கு. நினைவுக்குள் இறங்கியது பிறகுதான். அதற்கு என்ன முறை என்றும் கேளுங்கள்: காயத்தை மையமாக வைத்து எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிபிடி, கண்ணசைவோடு செய்யும் இஎம்டிஆர் இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே பரிந்துரைத்திருக்கிறது.

நடுவில் ஒருநாள் குடித்துவிட்டு வந்தால் என்ன செய்வீர்கள், வீட்டாரிடம் எதைச் சொல்வீர்கள், எதைச் சொல்லமாட்டீர்கள் என்பதையும் பேசிவிடுங்கள். உள்ளே தங்கவைக்கும் இடமென்றால் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். கட்டாய மொட்டைக்கும் சங்கிலிக்கும் 2017 மனநலச் சட்டத்தில் இடமே கிடையாது, எங்களுக்கு இது தாமதமாகத்தான் தெரிந்தது.

அண்ணன் இன்னும் மலை ஏறவில்லை. போன மாதம் அடிவாரம் வரை பஸ்ஸில் போய், டீ குடித்துவிட்டு, “இன்னைக்கு இது போதும்டா” என்று திரும்பி வந்தார். அந்த அம்மா அதையும் தாளில் குறித்துக்கொண்டார்.